அத்தையின் சிறுநீரகமும் அம்மாவின் பொறாமையும்

சாம், போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் உன்னை முன்னால் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். சிறுநீரக மருத்துவம் படிக்க ஐதராபாத் போகிற பிள்ளை, கிளம்புவதற்கு முன் சபைக்கு இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று. நீ ஐந்து நிமிஷம் பேசினாய். அதில் நான்கு நிமிஷம் உன் எஸ்தர் அத்தையைப் பற்றி. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு அவர் தன் சிறுநீரகத்தைக் கொடுத்ததைச் சொன்னாய். கொடுத்த பிறகு தன் உடம்பையே மறந்துவிட்டார், வருஷம் ஒரு முறை பரிசோதனைக்கு வரச்சொல்லியும் போகவே இல்லை, அந்த அலட்சியத்தில் மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகமும் பழுதுபடத் தொடங்கிவிட்டது, இப்படித் தன்னைக் கவனிக்காமல் விடுகிறவர்களைக் கவனிக்கத்தான் இந்தப் படிப்பு என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தட்டினேன். கடைசியில், "அம்மாவுக்கும் நன்றி" என்று சொல்லி இறங்கினாய்.

அந்த "உம்" என்னை வீடு வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது. உனக்கு நாளெல்லாம் சோறு போட்டவள், ஒன்பதாம் வகுப்பில் உனக்கு உயிரியல் படம் வரைந்து கொடுத்தவள், உன் அப்பாவுக்கு இன்றுவரை காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை எடுத்து வைக்கிறவள், கடைசியில் ஒரு "உம்"மில் முடிந்துவிட்டேன் என்று தோன்றியது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி நினைப்பது அசிங்கம்தான். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நீ சொன்னதில் ஒன்று உண்மை இல்லை. அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவள் நான். நீ எல்லோர் முன்னாலும் பேசியதால் நானும் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். சபையின் மாதப் பத்திரிகைக்கு ஒரு நகல் கொடுக்கப் போகிறேன். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான்.

உன் அத்தையை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். உன் அப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவர். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்ததும் ஆளாக்கியதும் அவர்தான். தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கல்யாணமாகி ஆனைக்குட்டத்து வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, உன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று. மீன் குழம்பில் எவ்வளவு புளி, சட்டைக் காலர் எந்த அளவு, எந்தப் பேச்சு எடுத்தால் அவர் முகம் சுருங்கும், எல்லாம். "அது அவனுக்குப் பிடிக்காதுளா" என்று சாதாரணமாகத்தான் சொல்வார். எனக்கு நெஞ்சு காந்தும். சிவகாசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்ததும், போய்வரத் தூரம் என்று சொல்லி டவுனுக்குக் குடிவந்தோம். ஆனைக்குட்டத்துக்கும் சிவகாசிக்கும் அப்படி என்ன தூரம்? ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் பண்டங்களை லோடு ஏற்றினேன்.

உன் அப்பா அப்போது எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தீபாவளி சீசன் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு ஷெட்டாக வெயிலில் நடை. வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்கவோ, ஒண்ணுக்குப் போகவோ தோன்றாது அவருக்கு. இடுப்பு வலி, முழங்கால் வலி. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷம். சீசன் மாதங்களில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டிபன் கேரியரின் மேல்தட்டில் மடித்து வைப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மதினியால் கொடுக்க முடியாத ஒன்றை நான் கொடுக்கிறேன், எனக்கு மருந்து தெரியும் என்று. பிறகு சாயங்காலத்தில் கால் வீங்கியது. ஷெட்டில் நின்றால் அப்படித்தான் என்றேன். சிறுநீர் நுரைத்துப் போனது. சூடு என்று சொல்லி மோர் கொடுத்தேன். காலையில் பல் தேய்க்கும்போது குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, வாயில் இரும்பு ருசி. ஒரு நாள் கம்பெனி வாசலில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டிய கிரியாட்டினின் ஒன்பதுக்கு மேல். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய் இருந்தன.

அந்த டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார், வலி மாத்திரை தொடர்ந்து எடுத்தீர்களா என்று. நான் வாய் திறக்கவில்லை. உன் அப்பா என்னைப் பார்க்காமல், "எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு சார்" என்றார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய். மூன்று வாரம் கழித்து நானே தனியாகப் போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. வருஷக்கணக்காகக் கவனிக்காத ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது, வெயிலில் வற்றிய உடம்பு, மேலே மாத்திரை, இதில் எது எவ்வளவு செய்தது என்று சுருங்கிய சிறுநீரகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதம்மா என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்று: உன்னிடம் வருகிற நோயாளியிடம் மாத்திரையைப் பற்றி இரண்டு முறை கேள். ஒரு முறை குடும்பத்தோடு, ஒரு முறை தனியாக. எந்த மாத்திரையையும் அதைக் கொடுத்தவர் முன்னால் யாரும் காட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்த எட்டு மாதம் வாரம் மூன்று டயாலிசிஸ். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து டயாலிசிஸுக்காக அப்பாவின் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த பிஸ்டுலாவில் காது வைத்து, உள்ளே ஓடும் சத்தத்தைக் கேட்பாய். ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் தண்ணீர், அதில் காப்பியும் ரசமும் சேர்த்தி. இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை, காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமையல். ஆரோக்கியமான உடம்பில் இரண்டு முஷ்டி அளவு சதை சத்தமில்லாமல் செய்கிற வேலையைச் செய்ய ஒரு மெஷினும், ஒரு ஆஸ்பத்திரியும், நானும் வேண்டியிருந்தது. ஆனால் சாம், உண்மையைச் சொல்கிறேன், அந்த எட்டு மாதம் அவர் முழுக்க முழுக்க என்னுடையவராக இருந்தார். எடை பார்ப்பதும், தண்ணீர் அளப்பதும், ஊசி போட்ட இடத்தில் விரலை அழுத்திப் பிடிப்பதும் நான். மதினி வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றதும் நான்தான் முதலில் கை தூக்கினேன். என் ரத்த வகையும் உன் அப்பாவின் வகையும் ஒன்றே. அந்தக் காகிதத்தை நான் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டால் மாத்திரைக் கணக்கு நேராகிவிடும், அது மட்டுமில்லை, இனி யாரும் எங்களுக்கு நடுவில் வர முடியாது. பிறகு சர்க்கரை பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. இத்தனை வருஷம் பிரசவ வார்டில் எத்தனை பெண்களுக்குச் சர்க்கரை பார்த்தவள், என் விரலில் ஒரு முறை குத்திப் பார்த்ததில்லை. நீங்கள் கொடுத்தால் நாளைக்கு உங்களுக்கே சிறுநீரகம் தேவைப்படும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக பஸ் பிடித்து வந்த மதினி, தோளில் பையோடு நின்று விஷயத்தைக் கேட்டார். "சரி, நான் தாரேன்" என்றார். கடைக்குப் போனால் உப்பு வாங்கி வருகிறேன் என்கிற மாதிரி.

அறுவை சிகிச்சை நடந்த அன்று, புதுச் சிறுநீரகத்தை அப்பாவின் வலது அடிவயிற்றில் வைத்துத் தையல் முடிவதற்குள்ளேயே சிறுநீர் வந்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பை நிறைந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக நான் ஒரு துளிக்கு ஏங்கிய இடத்தில் மஞ்சள் வெளுத்த நல்ல சிறுநீர். நான் அழுதேன், எல்லோரும் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். பாதி அதுதான். மீதி, அது மதினியுடையது என்பதால். அன்றும் மறுநாளும் எல்லோரும் அப்பாவைச் சுற்றியே நின்றோம். கொடுத்தவருக்குத்தான் வலி அதிகம் என்பது நர்ஸாகிய எனக்குத் தெரியும். வாங்கியவர் விஷம் இறங்கிய உடம்போடு தெளிந்து எழுவார், கொடுத்தவர் நல்ல உடம்பை அறுத்துக்கொண்டு நோயாளியாகப் படுத்திருப்பார். தெரிந்தும் மதினியின் கட்டிலுக்கு மறுநாள் சாயங்காலம்தான் போனேன். அவர் உதடு வெடித்திருந்தது. "தம்பிக்கு ஒண்ணுக்குப் போகுதா?" என்று மட்டும் கேட்டார். உன் ரவுண்ட்ஸில் முதலில் கொடுத்தவரின் கட்டிலுக்குப் போ. மற்றவரைப் பார்க்க ஆயிரம் பேர் இருப்பார்கள்.

முதல் வருஷப் பரிசோதனைக்கு மூன்று பேரும் போனோம். டாக்டரைச் சுற்றி மருத்துவ மாணவர்கள், உன்னைவிட நான்கைந்து வயது மூத்த பிள்ளைகள். அவர் அப்பாவையும் மதினியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, கொடுத்த பிறகு மிச்சமிருக்கும் சிறுநீரகம் கொஞ்சம் பெரிதாகி இரண்டின் வேலையையும் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கையிருப்பு குறைவு, அதனால் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். பிள்ளைகள் மதினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் பையோடும் ரிப்போர்ட்டுகளோடும் வாசலில் நின்றேன். ஒரு நர்ஸ் பெண் என்னைப் பார்த்து, "அட்டெண்டர் வெளிய இருங்கம்மா" என்றாள். கூட வந்தவள். பதினாறு வருஷம் அவரோடு வாழ்ந்தவள் கூட வந்தவள். நான் வெளியே போய் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு எரியும். உன் அப்பா காலையில் பாத்ரூமிலிருந்து வந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, "அக்கா இன்னைக்கு நல்லா வேலை பாக்குது" என்பார். விளையாட்டாகத்தான். நீ சிரிப்பாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கள் கல்யாண நாள் அவருக்கு ஒரு வருஷமும் நினைவில் இருந்ததில்லை. ஆபரேஷன் நாள் மறக்காது. சேலை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் போவார், நீயும் கூடப் போவாய், பத்தாம் வகுப்பில் நீ வாங்கிய மார்க்கை முதலில் அங்கேதான் சொன்னாய். என் புருஷன் வயிற்றிலும் என் மகன் வாயிலும் அவர்தான்.

இனி நான் சொல்ல வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் சேர்த்து என் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், நான் நர்ஸ் என்பதால். இரண்டாவது வருஷம் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கொடுத்தவர் வருடாந்திரப் பரிசோதனைக்கு வர வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று. என் கண் முன்னால் அந்த மாணவர்களும் அந்த வாசலும் வந்தன. "அவங்க நல்லா இருக்காங்க, பக்கத்துலயே பாத்துக்கிட்டோம்" என்றேன். பார்க்கவில்லை. மதினியிடம் போன் வந்ததாகவே சொல்லவில்லை. அப்பாவை மட்டும் தவறாமல் கூட்டிக்கொண்டு போனேன், நான் மட்டும். அவர் கேட்டால், மதினிக்குத் தனித் தேதி என்பேன். மூன்றாவது வருஷமும் கூப்பிட்டார்கள். நான்காவது வருஷமும் ஐந்தாவது வருஷமும். ஒவ்வொரு முறையும் அதே பதில். அவருக்குக் கெட்டது நடக்கட்டும் என்று நான் நினைக்கவில்லை. அவரை மறுபடியும் நடுவில் உட்கார வைத்து எல்லோரும் கொண்டாடுவதைப் பார்க்க என்னால் முடியாது என்றுதான் நினைத்தேன். இது எவ்வளவு அற்பமான காரணம் என்று எழுதும்போதுதான் தெரிகிறது.

நீ மருத்துவம் மூன்றாம் வருஷம் படிக்கும்போது கிறிஸ்துமஸ் லீவுக்குப் புது பிபி மெஷினோடு வந்தாய். வீட்டில் எல்லோருக்கும் பார்த்தாய். அத்தைக்கு நூற்றி எண்பது வந்தது. மெஷின் சரியில்லை என்று மறுபடி பார்த்தாய், அடுத்த கையில் பார்த்தாய். சிறுநீரைக் கொண்டுபோய்ப் பரிசோதித்ததில் புரதம் இரண்டு பிளஸ். உன் முகம் மாறியதை நான் கண்டேன். சமையலறைக்கு வந்து, "இத்தனை வருசமா ஏம்மா யாரும் பாக்கல?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். "கூப்பிட்டா வர மாட்டேங்காக. நான் என்ன செய்ய?" என்றேன்.

நீ நேராகப் போய் அத்தையைத் திட்டினாய். படித்தவர்தானே, ஆசிரியைதானே, இப்படியா அலட்சியமாக இருப்பது, உங்களுக்கு ஒன்று ஆனால் அப்பா எப்படித் தாங்குவார் என்று. நான் கதவோரம் நின்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உன்னிடம், "சரிலே, விடு. இனிமே போறேன்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கேள்வி மட்டும்தான் இருந்தது என்று எட்டு வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நீயே அவரை மதுரைக்குக் கூட்டிப்போனாய். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு. அதைப் பார்த்து அப்பா, தனக்கு ஒன்பது இருந்ததே, இது என்ன பெரிய விஷயம் என்றார். நீதான் விளக்கினாய், அத்தை நாற்பத்தைந்து கிலோ, சதை இல்லாத உடம்பு, அவருக்கு அந்த எண் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம், கிரியாட்டினின் தாமதமாகத்தான் வாய் திறக்கும் என்று. அந்த வரியை நான் மறக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை தொடங்கினார்கள், உப்பைக் குறைத்தார்கள், புரதம் இறங்கியது. எட்டு வருஷமாக ஒன்று ஏழு, ஒன்று எட்டு என்று நிற்கிறது. கடவுள் கிருபை. ஆனால் முதலிலேயே கண்டிருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்று டாக்டர் சொன்னதாக நீதான் வந்து சொன்னாய். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்துகொண்டே இருந்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நீ சூலக்கரைக்கு ஏதோ சான்றிதழ் வாங்கப் போயிருந்தபோது நான் ஆனைக்குட்டம் போனேன். மதினி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல, சாப்பிட்டியா என்றார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன் வந்தது, நான் மறைத்தது, உன்னிடம் சொன்ன பொய். அவர் கை நிற்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றார்.

நீ கூட்டிப்போன அந்த முதல் நாளே தெரியுமாம். நீ ரிப்போர்ட் வாங்கப் போயிருந்தபோது, பதிவு செய்கிற பெண் பைலைப் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் கூப்பிட்டோமே, வீட்டிலிருந்து ஒரு அம்மா நீங்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்களே என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஏன் மதினி யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா என்ன ஆகும்? அவன் உன்னைய ஏறெடுத்துப் பாப்பானா? பிள்ளைக்கு அம்மா ஒருத்திதான."

பிறகு, "இப்ப எதுக்குச் சொல்லுத?" என்றார். சபையில் நீ பேசியதைக் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை என்றேன். அவர் முதல் முறையாகக் கையை நிறுத்தினார். "அவன் பேசுனது எனக்கு ஒண்ணும் செய்யல. நீ பக்கத்துல உக்காந்து கை தட்டுனியே, அதத்தான் தாங்க முடியல" என்றார். எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் மொச்சையை உரித்து முடித்தேன். உள்ளேயிருந்தே, "நீ இப்பப் போயிட்டு வா" என்றார். பஸ்ஸில் நான் அழவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என்மேல் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது தேவையாயிருந்தது.

புதன்கிழமை அப்பாவிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். "அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப நான் ஒரு பொய் சொன்னேன்ல. அதுலருந்து இந்த வீட்டுல யாரும் உண்மை பேசல" என்றார். அவ்வளவுதான். இப்போது என்னோடு அளவாகத்தான் பேசுகிறார். பேசாமல் இருக்கட்டும், மாத்திரை மட்டும் என் கையிலிருந்து வாங்குகிறார்.

வியாழக்கிழமை மத்தியானம் மதினியே வந்தார். நீ கடைக்குப் போயிருந்தாய். வாங்க மதினி, சாப்பிடுதீகளா என்றேன். உப்பில்லாமல் கூட்டு வைத்திருந்தேன், சாப்பிட்டார். கை கழுவிவிட்டு உட்கார்ந்து, தானும் யோக்கியம் இல்லை என்று ஆரம்பித்தார். வருஷம் ஒரு முறை போக வேண்டும் என்று அவருக்கே தெரியுமாம். நான் வந்து கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தாராம். இவ்வளவையும் கொடுத்துவிட்டு நானே போய் நிற்பதா என்ற வீம்பாம். பிறகு சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

"நீ வந்த அன்னைக்கே என் தம்பிய எடுத்துக்கிட்ட. டயாலிசிஸ் நேரத்துல அவன் பக்கத்துல போகக்கூட எனக்கு எடமில்ல. உனக்குச் சுகர்னு சொல்லி வேண்டாம்னாகள்ல, அப்ப எனக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சுளா. அத நான் ஜெபத்துலகூடச் சொன்னதில்ல."

அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. காப்பி போட்டேன். எல்லாவற்றையும் சாமுக்கு எழுதப் போகிறேன், சபைப் பத்திரிகையிலும் வரும் என்றேன். "எழுது. என் பங்கையும் சேத்து எழுது. உன்னைய மட்டும் பெரிய பாவியாக்கிக்கிடாத" என்றார். அதில்கூட அவர் என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது, சாம். என்ன செய்வது, இப்படித்தான் என் புத்தி.

நீ படித்த படிப்புக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் உன்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நீ பாடம் நடத்துவாய். வடிகட்டுவது, வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது, உப்பையும் தண்ணீரையும் நிதானத்தில் வைப்பது, எல்லாம் சொல்லிக்கொடு. அதோடு, கொடுத்தவர் பரிசோதனைக்கு வரவில்லை என்றால் அலட்சியம் என்று எழுதி மூடிவிடாதே என்றும் சொல். வரச்சொன்ன செய்தி அவர் காதுக்குப் போனதா என்று கேட்கச் சொல். அவருடைய சொந்த நம்பரை வாங்கச் சொல். வாசலில் பையோடு நிற்கிறவளை உள்ளே கூப்பிட்டு, நீங்கள் யார் என்று கேட்கச் சொல். அப்பாவின் வயிற்றில் இருக்கும் சிறுநீரகமும் பதினான்கு வருஷம் உழைத்துவிட்டது. அவருடைய எண்ணும் மெதுவாக ஏறுகிறது. நீ என்னிடம் மறைத்தாலும் ரிப்போர்ட்டை நான் படிப்பேன். ஒரு நாள் மறுபடி மெஷின் வேண்டியிருக்கலாம். அன்றைக்கு எடை பார்க்கவும் தண்ணீர் அளக்கவும் மதினிக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவேன். என் சிறுநீரில் புரதம் பார்த்தேன், இதுவரை இல்லை. உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

திங்கட்கிழமை ரயில் ஏறு. ஐதராபாத்தில் இறங்கியதும் முதல் போன் அத்தைக்குச் செய். எட்டு வருஷத்துக்கு முன்னால் திட்டியதற்கும் ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கும் மன்னிப்புக் கேள். அவர், விடுலே என்பார், விடாதே, முழுவதும் கேள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடு. கூப்பிடத் தோன்றவில்லை என்றால், தோன்றும்போது கூப்பிடு. அத்தையோடு எவ்வளவு நேரம் பேசினாய் என்று நான் கட்டாயம் கேட்பேன். சொல்லாதே.

உன் அம்மா